பால்வாடி யார் தெருவில் இருக்கிறது?

செப்டம்பர் வந்துவிட்டால் அங்கன்வாடிச் சுவர்களில் புதுப்படங்கள் ஏறும். 2018 முதல் அந்த மாதத்தை நாடு முழுக்க ஊட்டச்சத்து மாதமாக நடத்துகிறார்கள். கோலம் போடுவார்கள். கீரைக்கட்டு, முருங்கைக்காய், பப்பாளி எல்லாம் மேசையில் அடுக்கிக் கண்காட்சி வைப்பார்கள். தாய்மார்களை உட்காரவைத்து, "பிள்ளைக்குப் பாக்கெட் தீனி வாங்கித் தராதீங்க, ஓடியாடி விளையாட விடுங்க" என்று சொல்வார்கள். சொல்வதில் தவறொன்றும் இல்லை. செந்துறைப் பக்கத்துக் காலனிகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் சிலர் இந்தக் கூட்டங்களுக்குத் தன்னார்வலர்களாகப் போய்விட்டு வந்து எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: "இதுல நாம பேச என்ன இருக்கு? இது ஆரோக்கிய விஷயம்தானே?"

இருக்கிறது, தோழர்களே. ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தை எதைத் தின்கிறது, யார் சமைத்ததைத் தின்கிறது, யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்கிறது, எந்த இடத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் இந்த மண்ணில் நூறு ஆண்டுகளாகச் சாதியோடு உரசிக்கொண்டே வந்திருக்கும் கேள்விகள். அந்த வரலாறு தெரியாமல் முருங்கைக்கீரையைப் பற்றி மட்டும் பேசினால் பாதிப் பேச்சுதான்.

1920-இலிருந்து தொடங்குவோம். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கும் தீர்மானத்தை மன்றத்தில் நிறைவேற்றினார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. திட்டம் இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு தடைபோட்டதால் 1925 ஏப்ரல் 1 முதல் அது நின்றுபோனது. பிறகு 1927-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று மறுபடி தொடங்கினார்கள். "படிப்புக்கான பணம் வேறு, வயிற்றுக்கான பணம் வேறு" என்ற அந்தத் தணிக்கைக்காரப் புத்தி அப்போதே வந்துவிட்டது. இன்றைக்கும் அது போகவில்லை.

சிற்றுண்டி நின்ற அதே 1925-இல்தான் சேரன்மாதேவி குருகுலத்துச் சண்டையும் உச்சத்துக்கு வந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் அது. காங்கிரஸ் கட்சியின் பணம் 5,000 ரூபாய் அதற்குப் போயிருந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துத் தமிழ்நாட்டையே பேசவைத்தார்கள். குழந்தைகளின் பந்தி அரசியல் கேள்வியாக ஆனது அங்கேதான். நாம் அதை மதிக்கிறோம். கூடவே ஒன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வாதம் பிராமணப் பிள்ளையும் பிராமணரல்லாத பிள்ளையும் ஒரே பந்தியில் உட்காருவது பற்றியே சுற்றியது. சேரிப் பிள்ளை எந்தப் பந்தியில் உட்காரும் என்பது அதன் நடுவில் இருக்கவில்லை.

சேரிப் பிள்ளைக்கு அப்போது பள்ளி வேறாக இருந்தது. 1894-இல் அடையாற்றில் கர்னல் ஒல்காட் தொடங்கிய பஞ்சமர் பள்ளி, அதன் பின்னால் நின்ற அயோத்திதாசப் பண்டிதரின் உழைப்பு, மிஷனரிப் பள்ளிகள், பிறகு லேபர் கமிஷனர் துறையின் கீழ் வந்த லேபர் ஸ்கூல்கள் என்று அந்த வழி தனியாகப் போகிறது. பொதுப்பள்ளியில் இடம் இருந்தால் வாசலுக்கு வெளியே, தண்ணீர் என்றால் யாராவது ஊற்றினால் உண்டு என்றிருந்த காலம். அம்பேத்கர் சாதாரா பள்ளியில் சாக்கு விரித்துத் தனியாக உட்கார்ந்ததையும், பியூன் வராத நாளில் தண்ணீர் குடிக்காமலே இருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த லேபர் ஸ்கூல்கள்தான் பிற்காலத்தில் ஹரிஜன நலப் பள்ளிகள், இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். அவற்றில் சிலவற்றில் காமராஜர் திட்டத்துக்கு முன்பே மதிய உணவு போடப்பட்டது. பிள்ளைக்கு வயிறு நிறைந்தது என்ற வரையில் நல்லது. ஆனால் சோறு போடும் பள்ளி "அவங்க பள்ளி" ஆகவும், சோறு போடாத பள்ளி "நம்ம பள்ளி" ஆகவும் இருந்தவரை பந்தியில் யாரும் யாரோடும் உட்கார வேண்டிய தேவை வரவில்லை.

அந்தத் தேவையை உண்டாக்கியது 1956. எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடமே அரிசியும் விறகும் திரட்டினார். அடுத்த ஆண்டு நவம்பரிலிருந்து அரசு தன் பங்கைக் கொடுத்தது. செலவில் அறுபது விழுக்காடு அரசுக்கு, நாற்பது விழுக்காடு ஊருக்கு. 1961-க்குப் பிறகு கேர் நிறுவனத்தின் மூலம் அமெரிக்கப் பால்பவுடரும் கோதுமையும் வந்தன. நம் தாத்தா பாட்டிகளில் அந்தப் பால்பவுடர் வாசனையை இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காமல் மூக்கைப் பொத்தியவர்களும் உண்டு.

ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இந்தக் கணக்கில் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத்தான் சோறு. களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் போன அம்மாவின் பின்னால் வரப்போரத்தில் சேலைத் தூளியில் கிடந்த பிள்ளைக்கு எந்தத் திட்டமும் இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தாய்க்கு அடுத்த தாய் அக்காதான். ஏழு வயது அக்கா இடுப்பில் ஒரு வயதுத் தம்பி. அதனால் அந்த அக்காவுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. பால்வாடி என்பதைச் சின்னப் பிள்ளைகளின் விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இந்த அக்காதான் காரணம்.

'அங்கன்வாடி' என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் போர்டியிலும் பிறகு கோஸ்பாடிலும் குழந்தைகள் பள்ளி நடத்தினார்கள். பள்ளியைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் வரவில்லை. அப்படியானால் பள்ளி அவர்களின் முற்றத்துக்குப் போகட்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். அங்கன்வாடி என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணமே இதுதான்: மையம் பிள்ளையின் தெருவுக்குப் போக வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். எண்ணத்தை எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

தமிழ்நாட்டில் 1980-இல் உலக வங்கிக் கடனோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முதலில் மதுரை மாவட்டத்தில். மாதாமாதம் பிள்ளைகளை எடைபோடுவது, எடை கூடாத பிள்ளைக்கு மட்டும் சத்து உருண்டை கொடுப்பது, எடை கூடியதும் நிறுத்திவிடுவது என்பது அதன் முறை. பள்ளிச் சத்துணவு எல்லோருக்கும், இது தேர்ந்தெடுத்தவர்களுக்கு. இரண்டில் எது சரி என்று நிபுணர்கள் வெகுநாள் சண்டையிட்டார்கள். எங்கள் கட்சி எல்லோருக்கும் என்பதுதான். "மெலிந்த பிள்ளைக்கு மட்டும்" என்ற பட்டியலில் யார் பிள்ளைகள் அதிகம் இருப்பார்கள் என்று தெரியும். பட்டியல் இருக்கும் இடத்தில் அடையாளமும் வந்துவிடும்.

1982 ஜூலை 1-ஐ நம் மாவட்டத்து இளைஞர்கள் மறக்கக் கூடாது. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில். அன்றைக்கு அரியலூரும் பெரம்பலூரும் செந்துறையும் அதே திருச்சி மாவட்டம்தான். 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது; 2001-இல் அரியலூர் பிரிந்து, மறு ஆண்டே திரும்ப ஒட்டி, 2007-இல் மறுபடி தனியானது. ஆக, இரண்டு வயதிலிருந்து பால்வாடிப் பிள்ளைக்கும் ஒன்பது வயது வரை பள்ளிப் பிள்ளைக்கும் தினமும் சுடச்சுடச் சோறு என்ற திட்டம் நம் மாவட்டத்தில்தான் முதல் தட்டைக் கழுவியது. செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் பதினைந்து வயது வரைக்கும் போனது. "மாநிலத்தையே பிச்சைக்காரர் ஆக்குகிறார், வளர்ச்சிக்கான பணத்தைச் சோற்றில் கொட்டுகிறார்" என்று படித்தவர்கள் எழுதினார்கள், பேசினார்கள். பசியை அறிந்தவரின் பிடிவாதம் அதையெல்லாம் கேட்கவில்லை.

அந்தத் திட்டம் இன்னொன்றையும் செய்தது. கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அமைப்பாளர், சமையலர், ஆயா வேலைகளில் முன்னுரிமை தந்தது. இட ஒதுக்கீடும் இருந்தது. காலனியிலிருந்து ஒரு பெண் அரசுச் சம்பளத்துக்கு (சம்பளம் என்று சொல்ல முடியாத தொகுப்பூதியம்தான்) ஊர்ப் பிள்ளைக்குச் சோறு சமைக்கப் போனது பல கிராமங்களில் அதுதான் முதல் முறை. அதுவரை அவர் ஊர்த்தெருவுக்குப் போனது கொல்லைப்புற வேலைக்கு. இப்போது அடுப்படிக்கு.

அங்கேதான் மோதல் தொடங்கியது.

2001-இல் உச்ச நீதிமன்றத்தில் பி.யு.சி.எல். தொடுத்த உணவு உரிமை வழக்கு, ரிட் மனு 196, உங்களில் சட்டம் படிப்பவர்கள் முழுதாகப் படிக்க வேண்டிய வழக்கு. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று எல்லா மாநிலங்களும் பள்ளிகளில் சமைத்த உணவு போட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே செய்துகொண்டிருந்தது. 2004 ஏப்ரல் 20 உத்தரவு நமக்கு இன்னும் முக்கியம்: சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது. தலித் கையால் சமைத்த சோற்றை எல்லாப் பிள்ளைகளும் தின்பதைத் தீண்டாமை ஒழிப்பின் வேலையாகவே நீதிமன்றம் பார்த்தது என்று நாங்கள் இதைப் படிக்கிறோம்.

அடுத்த ஆண்டு சுகதேவ் தோரட், ஜோயல் லீ இருவரும் ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களில் நடந்த ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. உணவு வழங்கப்படும் இடம் ஆதிக்கச் சாதித் தெருவில் இருப்பது, தலித் சமையலரை எதிர்ப்பது, பந்தியைப் பிரிப்பது என்று அவர்கள் பதிந்தவை எதுவும் நமக்குப் புதிதில்லை. அதை எண்ணி, அட்டவணை போட்டு, மறுக்க முடியாதபடி வைத்ததுதான் அந்த ஆய்வின் வேலை. இதை ஏன் சொல்கிறோம் என்றால், "எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்லை" என்பதற்கு ஆவேசமான பதிலை விட ஒரு நோட்டுப் புத்தகம் வலுவானது.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த சமையலர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியது. போராட்டம் நடந்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமை வழக்கும் பதிவானது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவை இதே காரணத்துக்காகப் புறக்கணித்தார்கள். ஆட்சியரே நேரில் போக வேண்டியிருந்தது. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் அதே கதை; கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த உசிலம்பட்டி எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர். 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிய அதே எட்டயபுரம்.

ஆட்சியரும் அமைச்சரும் ஒருநாள் உட்கார்ந்து சாப்பிடுவதை நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் மறுநாள் அந்தச் சமையலர் தனியாகத்தான் அடுப்பு மூட்டுகிறார். 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. புகார் பதியாமல் சமாதானம் பேசி அனுப்பும் வழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு பலமானது என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி முட்டைக்கு வருவோம். சோறு, சாம்பார், காய் என்று ஓடிய தட்டில் 1989-இல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை விழுந்தது. 1998-இல் வாரம் ஒன்று. 2006-க்குப் பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி, 2010-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். இதில் வாழைப்பழத்தைக் கவனியுங்கள். தின்னாதவருக்கு மாற்று உண்டு. ஆனால் தின்னாதவருக்காகத் தின்பவரின் முட்டை பறிக்கப்படவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2015-இல் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை தரலாம் என்ற யோசனையை முதல்வரே நிராகரித்தார். கர்நாடகத்தில் 2021-இல் முட்டை கொடுக்கத் தொடங்கியதும் மடாதிபதிகள் எதிர்த்தார்கள். சிலரின் உணவு ஒழுக்கம் எல்லாப் பிள்ளைகளின் எலும்பிலும் எழுதப்படும் ஊர்களும் இந்த நாட்டில் உண்டு. தமிழ்நாட்டுத் தட்டு அந்த வகையில் தலைநிமிர்ந்து நிற்கிறது. அதைச் சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம்.

ஆனால் ஊட்டச்சத்துக் கண்காட்சி மேசையில் எங்கள் வீட்டுச் சாப்பாடு எங்கே என்றும் கேட்போம். நத்தை, வயல் நண்டு, அயிரைமீன், கருவாடு, ஈரல், மாட்டுக்கறி, களை எடுக்கும்போது மடியில் கட்டிவரும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை என்று காலனிப் பிள்ளைகளுக்குப் புரதமும் இரும்பும் கொடுத்த பொருள்கள் எதுவும் அந்த மேசையில் இருக்காது. ஆப்பிள் படம் இருக்கும். அரியலூர், பெரம்பலூர் மானாவாரி மண்ணில் வரகும் கம்பும் சோளமும் விளைந்த காலத்தில் நம் பாட்டிமார் கம்மங்கூழ் குடித்ததற்குக் கேலி பேசப்பட்டார்கள். பிறகு கடையரிசி கௌரவமானது; காடுகளில் மக்காச்சோளமும் பருத்தியும் முந்திரியும் வந்தன. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அதே வரகு நகரத்துக் கடையில் கண்ணாடி ஜாடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. விலையைக் கேட்டால் பாட்டி மயங்கிவிடுவார்.

பாக்கெட் தீனியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து ரூபாய்க்கு வாங்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்காகக் காலனித் தாய்மார்களைத் திட்டுவது சுலபம். விடியற்காலை வேலைக்குப் போகும் தாய், அழும் பிள்ளையின் கையில் எதையாவது வைத்துவிட்டுத்தான் வண்டி ஏற முடியும். வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நீங்கள் போன எத்தனை வேலைத்தளத்தில் அப்படி ஓர் ஆளைப் பார்த்தீர்கள்? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இந்தத் தாயின் சுமையைக் கொஞ்சம் இறக்கியது. அந்தக் காலை உணவு ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

காலை உணவு என்றதும் கடல்தாண்டி ஒரு செய்தி. 1969 ஜனவரியில் அமெரிக்காவில் ஓக்லாந்து நகரின் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில் கருஞ்சிறுத்தைகள் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போடத் தொடங்கினார்கள். துப்பாக்கியோடு நின்ற படங்கள்தான் அவர்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரியும். ஆனால் உளவுத்துறைத் தலைவர் ஹூவர் பயந்தது அந்தச் சோற்றுக்கும் சேர்த்துத்தான். ஓர் இயக்கம் பிள்ளைக்குச் சோறு போட்டால் தாய் அந்த இயக்கத்தை நம்புவார் என்று அவருக்குப் புரிந்திருந்தது. மும்பையில் 1972-இல் தலித் பேந்தர்ஸ் தோன்றியது அந்தப் பெயரைப் பார்த்துத்தான். அந்த வழியில் வந்த இயக்கத்தின் தலைவர் திருமாவளவன் பிறந்த அங்கனூரும் நம் செந்துறை வட்டம்தான். பெயரையும் முழக்கத்தையும் எடுத்துக்கொண்ட நாம் அந்தக் காலைச் சோற்றுத் தட்டை எவ்வளவு எடுத்துக்கொண்டோம் என்று நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ளலாம்.

விளையாட்டு. இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும்; அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ஆடுவதற்கு இடம் எங்கே?

காலனி என்பது எப்படி உண்டானது என்று நினைத்துப் பாருங்கள். ஊரிடம் கேட்டு வாங்கிய சென்ட் கணக்கு மனைகள். வீட்டுக்கு வீடு சுவர். மூன்று தலைமுறையில் ஒரு மனையில் மூன்று வீடு. மந்தைவெளியும் களமும் கோயில் திடலும் ஊர்ப்பக்கம். ஏரிக்கரைக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். நம் பிள்ளைக்கு மிஞ்சிய விளையாட்டு மைதானம் தார்ச்சாலை. அந்தச் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய சிமெண்ட் ஆலை லாரிகள் ஓடும். எந்தத் தாய் பிள்ளையை வெளியே விடுவார்? வீட்டுக்குள் இழுத்துவைத்துக் கையில் செல்போனைக் கொடுப்பார். பிறகு சுவரொட்டி வந்து "ஓடியாடி விளையாட விடுங்க" என்று சொல்லும். பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18 தேர்தல் நாளன்று காலனிக்குள் புகுந்து வீடுகளை உடைத்த பிறகு, பிள்ளைகள் எந்த வழியாக எங்கே போகலாம் என்பது தாய்மாரின் மனதில் எப்படி மாறியிருக்கும் என்று எந்த வழிகாட்டுதலும் கணக்கிடாது.

ஊர்த்தெரு மையங்களுக்குப் போகும் காலனிப் பிள்ளை விளையாடுவதில்லை என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஊர் பெயர் வேண்டாம். சடுகுடு, கண்ணாமூச்சி, ரயில் வண்டி எல்லாம் தொட்டு விளையாடும் ஆட்டங்கள். தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை பக்கத்தில் இருந்தால், மூன்று வயதுக்கும் அது புரிந்துவிடுகிறது. ஓரமாக உட்கார்ந்துவிடுகிறது. "சோம்பேறிப் பிள்ளை" என்று பதிவேட்டில் யாரும் எழுதுவதில்லை, வாயால் சொல்கிறார்கள்.

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. நம் தாய்மார்கள் அதை விரும்பினார்கள். ஆங்கிலம் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் ஏன் என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. நாங்களும் அந்தப் பக்கம்தான். பிரச்சினை அந்த எழுத்து எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையைச் சப்பணமிட்டு உட்காரவைத்து ஏ பி சி எழுதவைத்தால் விரலும் வளராது, காலும் வளராது. பாண்டி ஆடும் பிள்ளை எண்ணிக்கையைக் காலால் கற்கிறது. குழுமூர் அனிதா 1,176 மதிப்பெண்ணோடு நின்ற கதவு பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேச வேண்டியதுதான். அந்த நீண்ட தாழ்வாரத்தின் முதல் கதவு பால்வாடியில் இருக்கிறது.

நிலைமை என்ன என்று எண்களில் கொஞ்சம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களில் 57 பேருக்கு மேல் ரத்தசோகை. இந்தியச் சராசரியை விட நல்ல நிலைதான். நூறாண்டுச் சோற்றின் பலன் அதில் தெரிகிறது. ஆனால் ரத்தசோகை முந்தைய ஆய்வை விடக் கூடியிருக்கிறது. மாநிலத்தில் 54,000-க்கு மேல் அங்கன்வாடிகள் இருந்தும் இப்படி என்றால், மையம் இருப்பதும் பிள்ளை அதற்குள் வந்து நிறைவாகத் தின்பதும் ஒன்றல்ல.

செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்ட தம்பி தங்கைகளுக்கு ஒன்றைச் சொல்கிறோம். உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபர் 7 அன்றும் 2006 டிசம்பர் 13 அன்றும் வந்த உத்தரவுகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய மையங்களில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கே முதலிடம் என்கின்றன அவை. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்பது 2006 உத்தரவு. பிள்ளைகள் குறைவாக இருந்தாலும் குறுமையத்துக்கு வழி உண்டு. கேட்காத இடத்துக்கு அது தானாக வராது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்குக் காலைச் சிற்றுண்டியும் சூடான சாப்பாடும் கலோரி, புரத அளவோடு தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இது சலுகைப் பட்டியலில் வரவில்லை, சட்டத்தின் அட்டவணையில் வருகிறது.

ஒரு நோட்டு போதும். உங்கள் காலனியில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அதில் மையத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், மையம் எந்தத் தெருவில், காலனியிலிருந்து எத்தனை அடி, நடுவில் எந்தச் சாலை, பணியாளரும் உதவியாளரும் எந்தப் பக்கம், முட்டை எந்தக் கிழமை வந்தது, குடிதண்ணீர் யார் மொண்டு கொடுக்கிறார்கள், பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்காருகிறார்களா, வெளியே ஓட இடம் உண்டா, அது புறம்போக்கா, யார் கையில் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளரைக் குற்றவாளிபோல் நிறுத்திக் கேட்காதீர்கள். ஓட்டுப்பட்டியல் வேலையிலிருந்து செல்போன் பதிவேடு வரை அவர் தலையில்தான். அவர்களில் பலர் நம் சகோதரிகள். அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். கிடைக்காத விவரத்தை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபை நாள். அங்கன்வாடித் திட்டம் பிறந்த நாளும் அதுவே. காலனியில் மையம் வேண்டும் என்றோ, மையத்தோடு சேர்த்துப் பத்து சென்ட் புறம்போக்கை விளையாட்டுத் திடலாக ஒதுக்க வேண்டும் என்றோ தீர்மானம் எழுதி, அதைப் பதிவேட்டில் ஏற்றும்வரை எழுந்திருக்காதீர்கள். தாய்மார்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கூட்டம் நீளும், பிள்ளைகளுக்குப் பசிக்கும். கையில் கொஞ்சம் அவித்த கடலையும் வாழைப்பழமும் இருக்கட்டும்.